எந்தப் பக்கம் பார்த்த வேலி? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பெர்லின் சுவரைப் பற்றி வெளிவந்த அரைப்பக்கக் குறிப்பைப் படித்துவிட்டு, சுவரோடு நிறுத்தாமல் ஜெர்மனியை இரண்டு நாடுகளாகப் பிரித்து நின்ற எல்லையைப் பற்றியும் எழுதும்படி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். கடிதங்கள் யாவும் ஒரே பொருளைத் தொட்டிருப்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய ஊர் மட்டும் குறிப்பிடப்பட்டுள்ளது.

கோயம்புத்தூர் வாசகர்: என் மகள் ஜெர்மனியில் ஹனோவர் நகரில் வேலை பார்க்கிறாள். வரும் கோடையில் நானும் என் மனைவியும் அங்கே செல்ல இருக்கிறோம். பெர்லின் சுவர்தான் நாட்டைப் பிரித்த எல்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மகளோ, எல்லை தன் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருந்தது என்கிறாள். எது சரி?

உங்கள் மகள் சொல்வதே சரி. பெர்லின் சுவர் என்பது ஒரு நகரத்தின் மேற்குப் பாதியைச் சுற்றி எழுப்பப்பட்ட மதில். 1945இல் போரில் தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் பங்கிட்டுக்கொண்டபோது தலைநகரையும் தனியே நான்காகப் பங்கிட்டார்கள். ஆனால் பெர்லின் இருந்ததோ சோவியத் பங்கின் நடுவில். மேற்கிலிருந்து சாலை வழியே வருபவர் ஏறத்தாழ 170 கி.மீ. கிழக்கு மண்ணைக் கடந்துதான் அந்நகரை அடைய முடியும். 1949இல் மேற்கே கூட்டாட்சிக் குடியரசும் கிழக்கே ஜனநாயகக் குடியரசும் தனித்தனி நாடுகளாயின. பால்டிக் கடலின் லூபெக் விரிகுடாவில் தொடங்கி, பவேரியா, சாக்சனி, அன்றைய செக்கோஸ்லோவாக்கியா ஆகிய மூன்றும் கூடுகிற தென்முனை வரை இவற்றுக்கிடையே ஓடிய எல்லையின் நீளம் 1,393 கி.மீ. மேற்கு பெர்லினைச் சுற்றி நின்ற சுவரோ சுமார் 155 கி.மீ.தான். காலத்தாலும் எல்லையே மூத்தது. 1952 மே 26 அன்று கிழக்கு அரசு நாட்டெல்லையை அடைத்தது. பெர்லினில் முள்கம்பி விரிக்கப்பட்டது 1961 ஆகஸ்ட் 13 அன்றுதான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் கிழக்கைவிட்டு வெளியேற நினைத்தவர்களுக்குப் பெர்லின் நகரமே வாசலாக இருந்தது. அந்த வாசலைச் சாத்துவதற்காக எழுந்ததுதான் சுவர்.

ஹனோவரில் தங்குகிறீர்கள் என்றால் பெர்லினுக்குப் போகும் வழியில் ஹெல்ம்ஷ்டெட் ஊரில் ஒரு நாள் இறங்கிவிடுங்கள். அதை அடுத்த மரியன்போர்னில் அன்றைய மிகப் பெரிய சோதனைச் சாவடி, கூரைகளோடும் விளக்குக் கம்பங்களோடும் ஏறத்தாழ அப்படியே நினைவிடமாக வைக்கப்பட்டிருக்கிறது. பயணிகளின் பாஸ்போர்ட்டுகளை வாங்கி, மூடிய பட்டை ஒன்றில் வைத்து உள்ளே அனுப்பிய அமைப்பு இன்றும் அங்கே இருக்கிறது. தன் பாஸ்போர்ட் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்பது காருக்குள் இருப்பவருக்குத் தெரியாது. கார்களுக்குள் ஆட்களை ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று கண்டறிய, பயணிகளுக்குச் சொல்லாமலே கதிர்வீச்சுக் கருவிகளைப் பயன்படுத்தினார்கள் என்பது 1990க்குப் பிறகுதான் வெளியே வந்தது. அங்கிருந்து தெற்கே சற்றுத் தொலைவில் உள்ள ஹோட்டென்ஸ்லேபன் என்ற சிற்றூரில் சுவர், பள்ளம், கோபுரம், ரோந்துப் பாதை எல்லாம் 350 மீட்டர் நீளத்துக்கு அன்று இருந்த வரிசையிலேயே பாதுகாக்கப்பட்டுள்ளன. பெர்லினில் பெர்னவர் தெரு நினைவிடம் ஒன்றைத் தவிர மற்ற இடங்களில் சுவர் பெரும்பாலும் புகைப்படத்துக்கான பின்னணியாகிவிட்டது. ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் நான் ஹோட்டென்ஸ்லேபனுக்கே போகச் சொல்வேன்.

மதுரை வாசகர் (ஓய்வு பெற்ற நில அளவையர்): அந்த எல்லைக்கோட்டை வரைபடத்தில் பார்த்தேன். அப்படி ஏன் நெளிந்து நெளிந்து போகிறது? ஆறு, மலை எதையும் ஒழுங்காகப் பின்பற்றியதாகவும் தெரியவில்லையே. யார் அளந்தார்கள்?

புதிதாக யாரும் அளக்கவில்லை என்பதுதான் விடை. 1944 செப்டம்பரில், போர் முடிவதற்கு முன்பே, நேச நாடுகளின் பிரதிநிதிகள் லண்டனில் கூடி எந்தப் பகுதி யாருக்கு என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். புதுக்கோடு போடுவதைக் காட்டிலும் பழைய மாநிலங்களின் எல்லைகளை அப்படியே எடுத்துக்கொள்வது எளிது என்பது அவர்கள் முடிவு. அந்த மாநில எல்லைகளோ குறுநில மன்னர்களும் ஆயர்களும் பல நூற்றாண்டுகளாக வாங்கியும் விற்றும் சீதனமாகக் கொடுத்தும் உண்டாக்கியவை. நம் ஊரில் பழைய ஜமீன் எல்லையைப் பிற்பாடு மாவட்ட எல்லையாக ஏற்றுக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான். வேறுபாடு என்னவென்றால், இங்கே அந்தக் கோட்டின்மீது ஒருநாள் கண்ணிவெடி புதைக்கப்பட்டது.

தங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒரு சான்று உண்டு. மோட்லாராய்ட் என்று ஓர் ஊர்; ஐம்பது பேர் அளவில் வசிக்கும் குக்கிராமம். அதன் நடுவே டான்பாக் என்ற ஓடை, ஒரே தாவலில் தாண்டிவிடக்கூடிய அகலத்தில் ஓடுகிறது. 1810இல் அந்த ஓடையைப் பவேரிய அரசுக்கும் ராய்ஸ் என்ற சிற்றரசுக்கும் எல்லையாக வைத்து இரு அரசுகளின் முதலெழுத்துகளையும் பொறித்துக் கல் நட்டார்கள். அப்போதெல்லாம் அது வரி வாங்குகிறவர்களின் கவலையே தவிர ஊராரின் கவலை அன்று. மக்கள் ஓடையைத் தாண்டிப் பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். 1945க்குப் பிறகு அதே கற்களின் ஒரு பக்கம் அமெரிக்கப் பகுதியாகவும் மறுபக்கம் சோவியத் பகுதியாகவும் மாறின.

எல்லைக்கோட்டை மாற்றிய இடமும் ஒன்று உண்டு. கோட்டிங்கன் நகரையும் பெப்ரா சந்திப்பையும் இணைக்கும் ரயில் பாதை சில கிலோமீட்டர் தூரம் சோவியத் பகுதிக்குள் புகுந்து வெளிவந்தது. வட கடல் துறைமுகத்திலிருந்து தெற்கே இருந்த தம் படைகளுக்குச் சரக்கு அனுப்ப அந்தப் பாதையையே அமெரிக்கர்கள் நம்பியிருந்தார்கள். எனவே 1945 செப்டம்பர் 17 அன்று வான்ஃப்ரீட் ஊரில் இரு தரப்புப் படைத் தலைவர்களும் உட்கார்ந்து கிராமங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டு கிராமங்கள் மேற்கே போயின; ஹெஸ்ஸன் மாநிலத்துக் கிராமங்கள் ஐந்து கிழக்கே போயின. கையொப்பமிட்டபின் விஸ்கியும் வோட்காவும் கைமாறியதாகச் சொல்லப்படுவதால் அந்த இருப்புப்பாதைக்கு இன்றும் 'விஸ்கி–வோட்கா பாதை' என்றே பெயர். கிராமத்தாரை யாரும் கேட்கவில்லை. நாடு ஒன்றான பிறகும் அந்த ஐந்து கிராமங்கள் ஹெஸ்ஸனுக்குத் திரும்பாமல் துரிங்கியா மாநிலத்திலேயே இருக்கின்றன.

எல்பே ஆற்றில் ஏறத்தாழ 95 கி.மீ. தூரத்துக்கு எல்லை ஆற்றோடு ஓடியது. அது ஆற்றின் நடுவிலா, கிழக்குக் கரையிலா என்ற வழக்கு இரு நாடுகளும் இருந்தவரை தீரவே இல்லை. 1990இல் வழக்காடியவர்களில் ஒருவர் இல்லாமல் போனதால் வழக்கும் இல்லாமல் போயிற்று.

தஞ்சாவூர் வாசகர் (கல்லூரி மாணவி): எல்லை என்றால் ஒரு வேலி, ஒரு சுவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைத் தாண்டுவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது? எதிரி நாட்டுப் படை வராமல் தடுக்கத்தானே அதைக் கட்டினார்கள்?

கட்டியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். மேற்கிலிருந்து வரக்கூடிய ஒற்றர்களுக்கும் நாசவேலைக்காரர்களுக்கும் எதிரான பாதுகாப்பு என்பதே அதிகாரப்பூர்வமான விளக்கம். இந்த விளக்கத்தை மறுக்க அரசியல் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. எல்லையில் எஞ்சியிருக்கும் பள்ளம் ஒன்றின் ஓரத்தில் நின்றால் போதும்.

கிழக்கிலிருந்து மேற்கே தப்பிக்க நினைக்கும் ஒருவராக உங்களை வைத்துக்கொண்டு பாருங்கள். எல்லைக்கு 5 கி.மீ. முன்பே தடைப்பகுதி தொடங்கிவிடும். அங்கே குடியிருப்பவரோ சிறப்பு அனுமதி பெற்றவரோ அல்லாமல் யாரும் நுழைய முடியாது. எல்லைக்குச் சுமார் 500 மீட்டர் இருக்கும்போது முதல் வேலி வரும். அது ஆளைத் தடுக்கும் வேலி அன்று. கம்பியைத் தொட்டவுடன் காவல் நிலையத்துக்குச் செய்தி போகும், எந்தப் பகுதியில் தொட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும். ஆள் இன்னும் அரை கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும்போதே காவலர்கள் புறப்பட்டுவிடுவார்கள். அதைத் தாண்டினால் கோபுரங்கள். சில இடங்களில் நீளக் கம்பியில் கோத்துக் கட்டிய நாய்கள். அடுத்து, துளையிட்ட கான்கிரீட் பலகைகளை இரண்டு வரிசையாகப் பதித்த ரோந்துப் பாதை. அதை ஒட்டி 6 மீட்டர் அகலத்துக்கு உழுது பரம்படித்த வெறும் மண். அதில் ஒரு புல்லையும் முளைக்க விடமாட்டார்கள், காலடி பதிந்தால் காலையில் தெரிய வேண்டும் என்பதற்காக. பிறகு பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் மூன்று மீட்டர் உயர உலோக வலைவேலி; விரல் நுழைந்து பற்றிக்கொள்ள முடியாதபடி அதன் கண்கள் மிகச் சிறியவை.

இப்போது அந்தப் பள்ளத்தைக் கவனிப்போம். அது லாரியும் டிராக்டரும் வேலியை இடித்துக்கொண்டு போகாமல் தடுப்பதற்காக வெட்டப்பட்டது. அதன் ஒரு கரை சரிவாக, வண்டி எளிதில் இறங்கும்படி இருக்கிறது. மறு கரை ஏறக்குறையச் செங்குத்தாக, கான்கிரீட் பலகை பதித்து நிற்கிறது. சரிவான கரை கிழக்கே; செங்குத்தான கரை மேற்கே. மேற்கிலிருந்து ஒரு பீரங்கி வண்டி வந்தால் அதற்குச் சாய்வான கரை எதிரே கிடைக்கும், ஏறிப் போய்விடலாம். கிழக்கிலிருந்து வருகிற வண்டிதான் கான்கிரீட்டில் முட்டி நிற்கும். 1970களின் தொடக்கத்திலிருந்து வேலியில் பொருத்தப்பட்ட தானியங்கி வெடிக்கருவிகளும் அப்படித்தான். கம்பி அசைந்தால் இரும்புச் சில்லுகளை வேலியின் நீளவாக்கில் சிதறடிக்கும் அவை வேலியின் கிழக்கு முகத்தில்தான் பொருத்தப்பட்டன. பழைய எல்லையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒவ்வொரு பொருளிடமும் 'நீ எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாய்?' என்று கேட்டுக்கொண்டே போனால், வழிகாட்டி இல்லாமலே பாதி வரலாறு விளங்கிவிடும் என்பது என் கருத்து.

வேலியைத் தாண்டிவிட்டாலும் மேற்கு வந்துவிடவில்லை. கறுப்பு, சிவப்பு, பொன் நிறப் பட்டைகள் பூசிய எல்லைக் கம்பங்கள் இன்னும் அப்பால் இருந்தன. வேலிக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த புல்வெளியும் கிழக்கு நாட்டின் நிலமே. வேலியில் இரகசியக் கதவுகள் வைத்து, நம்பிக்கைக்குரிய காவலர்களை மட்டும் அந்தப் பகுதிக்கு அனுப்பினார்கள். அந்த நிலத்தில் அறியாமல் கால்வைத்த மேற்கத்தியர்கள் கைதானதுண்டு. காவலர்கள் எப்போதும் இருவர் இருவராகவே சென்றார்கள். யாரோடு யார் என்பதை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நண்பர்களாகிவிட்டால் இருவருமே ஓடிவிடக்கூடும் அல்லவா?

எல்லை நெடுகிலும் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் ஏறத்தாழ 13 லட்சம். தானியங்கிக் கருவிகள் 1984இல் முழுவதும் அகற்றப்பட்டன. உலக நாடுகளின் கண்டனம் ஒரு காரணம்; மேற்கு ஜெர்மனி உத்தரவாதம் கொடுத்துக் கிழக்கு அரசுக்கு 1983இல் ஏற்பாடான நூறு கோடி மார்க் கடனும் அதோடு சேர்த்தே பேசப்படுகிறது. இறந்தவர்களின் கணக்கு இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. 2017இல் வெளியான பல்கலைக்கழக ஆய்வு ஒன்று நாட்டெல்லையில் மட்டும் 327 பேர் என்று சொன்னது. அதில் சேர்க்கப்பட்ட சிலருடைய மரணத்தை எல்லையின் கணக்கில் எழுதலாமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. பெர்லின் சுவரில் இறந்தவர்கள் குறைந்தது 140 பேர்.

சேலம் வாசகர்: வீட்டிலேயே தைத்த பலூனில் ஏறி இரண்டு குடும்பங்கள் தப்பியதாகப் படித்தேன். கட்டுக்கதையா?

உண்மை. 1979 செப்டம்பர் 16 அதிகாலையில், துரிங்கியாவின் பொஸ்னெக் ஊரைச் சேர்ந்த இரண்டு குடும்பத்தார், குழந்தைகள் நால்வர் உட்பட எட்டுப் பேர், வெப்பக்காற்றுப் பலூனில் சுமார் 28 நிமிடம் பறந்து பவேரியாவின் நைலா அருகே இறங்கினார்கள். அது அவர்கள் தைத்த மூன்றாவது பலூன். ரேகன்ஸ்பர்க் நகரில் உள்ள பவேரிய வரலாற்று அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

நாகர்கோவில் வாசகி: எல்லையை ஒட்டி ஏற்கெனவே இருந்த ஊர்கள் என்னவாயின? அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

தாங்கள் சொல்வது நியாயம். தப்பியவர்களின் கதை எழுதப்பட்ட அளவுக்கு, தப்ப நினைக்காமல் தங்கள் வீட்டில் இருந்தவர்களின் கதை எழுதப்படவில்லை.

1952இல் எல்லையை அடைத்தவுடனே, அரசு நம்பத்தகாதவர்கள் என்று கருதிய குடும்பங்களைத் தடைப்பகுதியிலிருந்து உள்நாட்டுக்கு அப்புறப்படுத்தினார்கள். 1961இல் மறுமுறையும் அதையே செய்தார்கள். இரண்டு முறையும் சேர்த்து 11,000 பேருக்கு மேல் வீட்டை இழந்தார்கள். விடியற்காலையில் லாரி வந்து நிற்கும். சில மணி நேரத்துக்குள் அதில் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். முதல் நடவடிக்கைக்கு அதிகாரிகள் வட்டாரத்தில் வழங்கிய பெயர் 'புழுபூச்சி'. இரண்டாவதற்கு வைத்தது ஒரு காட்டுப்பூவின் பெயர்.

சில ஊர்கள் அடியோடு இடிக்கப்பட்டன. துரிங்கியாவின் தெற்கு ஓரத்தில் இருந்த பில்முட்ஹவுசன் அவற்றுள் ஒன்று. 1965இல் தேவாலயம் இடிக்கப்பட்டது. 1978இல் கடைசிக் குடும்பமும் வெளியேற்றப்பட்டது. வேலியை ஒட்டி வீடுகள் இருந்தால் கோபுரத்திலிருந்து பார்வை மறைக்கும் என்பதே ஊரின் குற்றம். கல்லறைத் தோட்டம் மட்டும் இன்று எஞ்சியிருக்கிறது.

ஃபிலிப்ஸ்தால் என்ற ஊரில் எல்லை ஓர் அச்சகக் குடும்பத்தின் வீட்டுக்குள்ளேயே ஓடியது. 1951ஆம் ஆண்டின் கடைசி இரவில் வீட்டார் தாங்களே உள்ளே செங்கல் வைத்து வாசலை அடைத்து, மேற்கில் இருந்த பகுதியோடு தங்கிவிட்டார்கள். மறு பகுதி அவர்களுக்கு மீண்டது 1976இல்தான்.

எல்பே கரையில் இருந்த ரூட்டர்பெர்க் ஊரின் நிலை இன்னும் விசித்திரம். ஆற்றுப் பக்கம் எல்லை வேலி. 1967இல் நிலத்தின் பக்கமும் ஒரு வேலி போட்டு ஊரையே அடைத்துவிட்டார்கள். ஒரே ஒரு வாயில். இரவு 11 மணிக்குப் பூட்டினால் காலை 5 மணிக்குத்தான் திறப்பார்கள். திருமணமோ இழவோ எதுவானாலும் வெளியூர் உறவினர் அனுமதி இல்லாமல் உள்ளே வர முடியாது. இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் பொறுத்த ஊரார் 1989 நவம்பர் 8 அன்று கூட்டம் போட்டு, தையல்காரர் ஒருவரின் யோசனைப்படி, 'எங்கள் ஊர் இனி ஒரு கிராமக் குடியரசு' என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். பெர்லின் சுவர் மறுநாள் இரவு திறக்கும் என்பது அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது; மறுநாள் சுவர் திறந்திருக்காவிட்டால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும்!

மேலே சொன்ன மோட்லாராய்டில் 1966இல் ஓடையோரமாக 700 மீட்டர் நீளக் கான்கிரீட் சுவர் எழுந்தது. அமெரிக்கப் படையினர் அந்தக் குக்கிராமத்தைக் 'குட்டி பெர்லின்' என்றே அழைத்தார்கள். 1983இல் அன்றைய துணை அதிபர் ஜார்ஜ் புஷ் நேரில் வந்து பார்த்தார். மேற்குப் பாதியில் இருந்த உறவினர் கை அசைத்தாலும் கிழக்குப் பாதியில் இருந்தவர் பதிலுக்குக் கை அசைக்கக் கூடாது. 1989 டிசம்பர் 9 அன்று அங்கே வழி திறந்தது. 1990 ஜூன் 17 அன்று சுவரின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, ஒரு பகுதி அருங்காட்சியகத்துக்காக விடப்பட்டது.

ஜெர்மனி, டோர்ட்முண்ட் வாசகர்: நான் இங்கே பிறந்தவன். 1983 கலவரத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தைவிட்டுப் புறப்பட்ட என் அப்பா, கிழக்கு பெர்லின் வழியாகவே மேற்கு ஜெர்மனிக்கு வந்தாராம். சொந்த மக்களையே வெளியே விடாத அந்த எல்லை எங்கள் ஆட்களை எப்படி விட்டது?

உங்கள் அப்பா வந்த வழியில் வந்தவர்கள் பலர். 1980களின் நடுவில் கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்துக்குக் கட்டணம் குறைந்த விமானங்கள் இருந்தன. கடந்து செல்வதற்கான விசாவும் எளிதில் கிடைத்தது. அங்கே இறங்கி, ஃபிரீட்ரிஷ் தெரு ரயில் நிலையத்தில் சோதனையை முடித்து, மேற்கு பெர்லினுக்குள் போகும் ரயிலில் ஏறிவிட்டால், மறு முனையில் பாஸ்போர்ட் கேட்க வழக்கமாக ஒருவரும் இருக்க மாட்டார்கள். நகரத்தின் நடுவே ஓடும் கோட்டை நாட்டெல்லையாக ஒப்புக்கொள்ள மேற்குத் தரப்புக்கு மனமில்லை. எல்லை இல்லை என்றால் அங்கே குடிநுழைவுச் சோதனை வைப்பது எப்படி? சுவரைக் கட்டிய கிழக்கு அரசுக்கோ, உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் இருப்பதுதான் கவலை. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் தன் விமானத்தில் ஏறிக் கட்டணம் செலுத்திவிட்டு மேற்கே போனால் அதற்கு நட்டமில்லை. மேற்கு ஜெர்மனி நெருக்கிய பிறகு, 1986 அக்டோபர் 1 முதல், போய்ச் சேர வேண்டிய நாட்டின் விசா கையில் இல்லாதவர்களைக் கடந்து செல்ல விடுவதில்லை என்று கிழக்கு அரசு முடிவு செய்தது. வழி அதோடு அடைபட்டது.

கிழக்கு பெர்லின்காரருக்கு உயிர்போகும் கோடாக இருந்தது ஈழத்தமிழருக்கு ரயில் மாறும் இடமாக இருந்தது என்பதைப் பிள்ளைகள் எழுதி வைக்க வேண்டும். அப்பாவிடம் பயணச்சீட்டோ விசா முத்திரையோ மிச்சம் இருந்தால் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

உதகை வாசகி: மனிதர் நுழைய முடியாததால் அந்த எல்லை முழுவதும் இன்று காடாகிவிட்டது என்கிறார்கள். இயற்கைக்காவது அந்த வேலி நன்மை செய்தது என்று சொல்லலாமா?

முதற்பாதி ஓரளவு உண்மை. இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1970களில் பவேரியாவின் கோபுர்க் பகுதியில் காய் ஃபுரோபல் என்ற இளைஞர் எல்லை நெடுகப் பறவைகளைக் கணக்கெடுத்தார். நம் ஊர்ப் புதர்ச்சிட்டுக்கு நெருங்கிய உறவான, மார்பில் செம்பழுப்பு நிறம் கொண்ட சிறு பறவை ஒன்று மேற்கே இருந்த வயல்களில் அருகிவந்தபோது, எல்லைப் பட்டையில் மட்டும் கூடு கட்டிப் பெருகியிருந்ததை அவர் கண்டார். வயல்களில் டிராக்டரும் உரமும் புகுந்து புதரையும் வரப்பையும் அழித்துவிட்டிருந்தன. எல்லைப் பட்டையில் உழவும் இல்லை, உரமும் இல்லை, பறவை உட்கார்ந்து இரை பார்க்க எல்லைக் கம்பங்களும் இருந்தன. சுவர் திறந்து சரியாக ஒரு மாதத்தில், 1989 டிசம்பர் 9 அன்று, அவரும் மற்றவர்களும் ஹோஃப் நகரில் கூட்டிய கூட்டத்துக்கு இரு நாடுகளிலிருந்தும் ஏறத்தாழ 400 இயற்கை ஆர்வலர்கள் வந்தார்கள். எல்லைப் பட்டை முழுவதையும் 'பசுமைப் பட்டை' என்ற பெயரில் காக்க வேண்டும் என்று அங்கேதான் தீர்மானம் ஆயிற்று. அதன் பரப்பு சுமார் 177 சதுர கி.மீ.; அகலம் பெரும்பாலான இடங்களில் 50 முதல் 200 மீட்டர்தான். அழிவை எதிர்நோக்கும் உயிரினங்கள் 1,200க்கு மேல் அங்கே பதிவாகியுள்ளன. துரிங்கியா 2018இல் தன் பங்கான 763 கி.மீ. பட்டையைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. மறு ஆண்டு சாக்சனி-அன்ஹால்ட் மாநிலமும் அவ்வாறே செய்தது.

ஆனால் 'காடாகிவிட்டது' என்பது சரியன்று. அங்கே அரிதான உயிர்கள் வாழ்ந்ததற்குக் காரணமே அது காடாகாமல் இருந்ததுதான். சுடுவதற்குப் பார்வை மறைக்கக் கூடாது என்பதற்காகக் காவலர்கள் மரங்களை வெட்டினார்கள். உழுத மண்ணில் களைக்கொல்லி தெளித்தார்கள். காவலர்கள் போனபின் மரங்கள் முளைத்து, திறந்தவெளியை விரும்பும் பறவைக்கு இடம் குறைந்தது. இன்று பல இடங்களில் ஆடுகளை மேயவிட்டுத்தான் வெளியைக் காக்கிறார்கள். மானும் முயலும் கண்ணிவெடியில் சிதறியதையும், 1990க்குப் பின் பட்டையின் பல துண்டுகள் மீண்டும் வயலாகவும் சாலையாகவும் மாறிப்போனதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், நன்மை செய்தது வேலி அன்று, வேலி போனபின் அந்த நிலத்தை விட்டுவைக்கச் சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மன்றாடியவர்கள்தான் என்பது விளங்கும்.

இன்னொன்று. ஐரோப்பாவைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த இதே இரும்புத்திரையின் தெற்குப் பகுதியில், செக் நாட்டுக்கும் பவேரியாவுக்கும் நடுவே உள்ள காட்டில், மின்வேலி போய்ப் பல ஆண்டுகள் ஆனபின்னும் செம்மான்கள் பெரும்பாலும் பழைய எல்லைக்கோட்டைத் தாண்டுவதில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். தாய் போன தடத்திலேயே குட்டியும் போகப் பழகுகிறது. வேலியைக் காணாத தலைமுறையும் வேலி இருந்த இடத்தில் திரும்பிவிடுகிறது.

திருநெல்வேலி வாசகர்: சுட்டவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா?

சிலருக்குக் கிடைத்தது. சுட்ட காவலர்களில் குற்றம் உறுதியானவர்களுக்குப் பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது. உத்தரவிட்ட மேல்மட்டத்தில், கடைசித் தலைவர்களில் ஒருவரான ஏகோன் கிரென்ஸுக்கு 1997இல் ஆறரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

சென்னை வாசகர்: நாங்கள் மூத்த குடிமக்கள். இந்த எல்லையை நடந்து பார்க்க முடியுமா? கண்ணிவெடி ஆபத்து இன்னும் உண்டா? எந்த மாதம் போகலாம்?

முழுதும் நடப்பது இளைஞர்களுக்கே சில வார வேலை. தாங்கள் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. ரோந்துப் பாதையின் கான்கிரீட் பலகைகள் பல இடங்களில் அப்படியே கிடக்கின்றன. அவற்றின் துளைகள் பாதி உள்ளங்கால் இறங்கும் அளவுக்குப் பெரியவை; புல் மூடிக்கொண்டால் துளை எங்கே என்று தெரியாது. கணுக்காலை மூடும் காலணியும் கைத்தடியும் இல்லாமல் இறங்க வேண்டாம். மழை பெய்த மறுநாள் வழுக்கும். கண்ணிவெடித் தேடல் 1995 இறுதியில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. எனினும் புதைத்தவற்றின் கணக்கும் எடுத்தவற்றின் கணக்கும் முழுதாகப் பொருந்தவில்லை என்பதால், குறியிட்ட பாதையைவிட்டு விலகிப் புதருக்குள் போகாமல் இருப்பதே முறை.

காரில் போகிறவர்கள் சாலையோரத்தில் பழுப்பு நிறப் பலகைகளைக் கவனியுங்கள். 'இன்ன தேதி, இத்தனை மணி வரை ஜெர்மனியும் ஐரோப்பாவும் இங்கே பிரிந்திருந்தன' என்று அவற்றில் எழுதியிருக்கும். தேதியும் மணியும் இடத்துக்கு இடம் மாறும், ஏனென்றால் எல்லை ஒரே இரவில் எல்லா ஊர்களிலும் திறக்கவில்லை. நவம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை சாலை சாலையாகத் திறந்தது. கிராமங்களுக்கு இடையிலான சிறு சாலைகளில்தான் இந்தப் பலகைகள் நெருக்கமாக வரும்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஹார்ட்ஸ் மலைத்தொடரின் புரோக்கன் சிகரம் வசதி. 1,141 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் 1961 முதல் பொதுமக்களுக்கு மூடப்பட்டு, சோவியத் படையும் கிழக்கின் உளவுத்துறையும் மேற்கை ஒட்டுக்கேட்கும் இடமாக இருந்தது. 1989 டிசம்பர் 3 அன்று மலையேறி வந்த மக்கள் வாயிலைத் திறக்கச் சொல்லி உள்ளே போனார்கள். வெர்னிகரோட நகரிலிருந்து நீராவி என்ஜின் இழுக்கும் குறுகிய பாதை ரயில் உச்சி வரை செல்கிறது. கட்டணம் சற்று அதிகம்தான். முழங்கால் ஒத்துழைக்கும் என்றால் போகும்போது ரயிலும் வரும்போது ஷீர்க்கே ஊருக்கு இறங்கும் நடைபாதையுமாக வைத்துக்கொள்ளலாம். மே கடைசி முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். ஆண்டில் முந்நூறு நாட்கள் மூடுபனி விழும் சிகரம் அது. ஆகவே முன்பதிவு செய்யும் முன் அன்றைய வானிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கோடையிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.